கோண்டாவில் வீடு பாதுகாப்பானதா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கோண்டாவிலில் அப்பா 1974இல் கட்டிய ஓட்டு வீடு, பின்னால் பிறகு இழுத்துக் கட்டிய குசினி, அதன் கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் சீற். எழுபது தாண்டிய அம்மாவும் அப்பாவும் அங்கே தனியே இருக்கிறார்கள், நீங்கள் லண்டனில். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று வயதும் ஏழு வயதுமான பிள்ளைகளோடு வந்து மூன்று கிழமை நிற்கப் போகிறீர்கள். அங்கே கவுன்சில் ஆட்கள் வாடகை வீடுகளுக்கு வந்து அபாயம் பார்த்துப் புள்ளி போடுவதுபோல யாழ்ப்பாணத்தில் யாராவது செய்வார்களா, அந்தச் சீற்றால் பிள்ளைகளுக்கு ஏதும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது இரண்டு கேள்வியாகப் படுகிறது. மூன்று கிழமை நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் எது ஆபத்து என்பது ஒன்று. மீதி நாற்பத்தொன்பது கிழமையும் அங்கேயே இருக்கிற அம்மா அப்பாவுக்கு எது ஆபத்து என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது, சீற் இரண்டிலுமே முதலிடத்தில் வராது.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நுளம்பு பார்க்க, கிணறு பார்க்க, மலகூடக் குழி பார்க்க, அயலவர் சண்டை பார்க்க என்று ஆயிரக்கணக்கான வளவுகளுக்குள் போயிருக்கிறேன். மின்சாரமும் கட்டட உறுதியும் நான் படித்த துறைகள் அல்ல. அவற்றில் எதை நீங்களே பார்க்கலாம், எந்த இடத்தில் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது வரைதான் சொல்வேன்.

முதலில் அந்தப் புள்ளி போடும் முறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வந்தது அது. 29 வகை அபாயங்களை எடுத்து, ஒவ்வொன்றாலும் அடுத்த 12 மாதத்துக்குள் ஒருவருக்குத் தீங்கு வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று பார்த்து இரண்டையும் பெருக்குகிறார்கள். உயிர் போகிற அளவுத் தீங்குக்கு 10,000, வைத்தியரிடம் ஒரு தடவை போய் வருகிற அளவுத் தீங்குக்கு 10 என்று நிறை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 1,000 அல்லது அதற்கு மேல் வந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லை. பிரதேச சபை வீட்டைக் கட்டும்போது வரைபடத்தைப் பார்க்கும், கட்டி முடிந்ததும் சான்றிதழ் தரும். அதன்பிறகு ஐம்பது வருடம் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எவரும் வருவதில்லை. நாங்கள் போவதும் நுளம்புச் சட்டத்தையோ, 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டத்தையோ பிடித்துக்கொண்டுதான். குளியலறையில் நிலம் வழுக்குகிறது என்று ஒருவருக்கும் நோட்டீஸ் கொடுக்க முடியாது. என்றாலும் அந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: அவர்கள் சுவரைப் பார்க்கும்போதே அந்த வீட்டில் இருக்கக்கூடிய ஆளையும் பார்க்கிறார்கள். விழும் அபாயத்தை 60 தாண்டியவரை மனதில் வைத்துத்தான் எடைபோடுவார்கள். அந்தக் கண்ணை மட்டும் இங்கே கொண்டு வந்தால் போதும்.

சரி, சீற்றை முடித்துவிடுவோம், அதுதானே உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. அஸ்பெஸ்ரஸ் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம் என்பதில் சந்தேகமே இல்லை, எல்லா வகைக்கும் அது பொருந்தும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் நீல வகையை 1987இல் தடை செய்தார்கள், வெள்ளை வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் நார் சீமெந்துக்குள் இறுகியிருக்கும்வரை காற்றில் வராது. உடையாத, கையால் நொறுக்க முடியாத சீற்றின் கீழே மூன்று கிழமை சமைத்துச் சாப்பிடுவதால் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து மிகச் சிறியது. அதைக் கிளப்பும்போதுதான் ஆபத்து. நீங்கள் பயந்துபோய், வருவதற்கு முன் அதைக் கழற்றச் சொல்லி அப்பாவுக்குக் காசு அனுப்பினால், ஒரு மேசன் வந்து சுத்தியலால் தட்டி உடைத்து, காய்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டி, துண்டுகளை வேலியோரம் போட்டுவிட்டுப் போவார், அந்தத் துண்டில் உங்கள் பிள்ளைகள் கோடு கீறி விளையாடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். துளை போடாமல், அரியாமல், பாசி பிடித்தது என்று தேய்க்காமல் விடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் பிள்ளைகள் இல்லாத காலத்தில், நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாக இறக்க வேண்டும். விளிம்பு பொருபொருவென்று உதிர்கிறதா, மழைநீர் விழும் இடத்தில் சாம்பல் நிறப் பொடி சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதிர்ந்தால் பேச்சு வேறு. அப்போதும் எவ்வளவு நார் காற்றில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது, நான் உட்பட.

இனி உண்மையில் பயப்பட வேண்டியதற்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு டெங்குப் பரிசோதனைக்குப் போனேன். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கக் குனிந்தால், வீட்டு அம்மா ஓடிவந்து, "ஐயா, அந்தப் பலகையில ஏறி நிண்டு தொடுங்கோ, வெறுங்காலோட தொட்டா விறுவிறுக்கும்" என்றார். கீழே பார்த்தேன். பிரிட்ஜுக்கு முன்னால் தேங்காய் துருவுகிற பலகை மாதிரி ஒன்று கிடக்கிறது. இரண்டு வருடமாக அந்தக் குடும்பம் அதில் ஏறி நின்றுதான் பிரிட்ஜைத் திறந்திருக்கிறது, பேரப்பிள்ளைக்கும் அதைப் பழக்கியிருக்கிறார்கள். மெயின் சுவிச் பெட்டியைத் திறந்தால், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற ரிப் சுவிச் இருந்தது, ஆனால் வயர் அதற்குள்ளால் போகவில்லை. மழை வந்தால் அடிக்கடி விழுகிறது என்று வயரிங் செய்கிற பெடியன் ஒருவன் அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வேலை செய்யாத ரிப் சுவிச் இருக்கிற வீடு, அது இல்லாத வீட்டைவிட மோசம், ஏனென்றால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள்.

இதில் நிச்சயமானவை சில உண்டு. பியூஸும் அதன் இடத்துக்கு வந்த சின்னச் சுவிச்சுகளும் வயர் சூடாகி எரியாமல் காப்பவை, அவை ஆளைக் காப்பதில்லை. ஆளைக் காப்பது ரிப் சுவிச்தான், அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அழுத்தினால் சட்டென்று விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நிற்க வேண்டும். விழவில்லை என்றாலோ, விழுந்தும் ஏதோ ஒரு அறையில் லைற் எரிந்துகொண்டே இருந்தாலோ அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் பட்டன் சொல்வது சுவிச் நல்லது என்பதை மட்டும்தான், ஏர்த், அதாவது கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற கம்பி, நல்லதா என்பதை அது சொல்லாது. எங்கள் மண்ணில் ஏர்த் பெரிய தலையிடி. செம்மண் கொஞ்சத்துக்குத்தான், கீழே சுண்ணாம்புக் கல், கம்பி ஆழமாக இறங்காது, கோடையில் மண் காய்ந்தால் இருக்கிற பிடிப்பும் போய்விடும். அதை மீற்றர் வைத்து அளக்கத் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும். வருகிற ஆளிடம் "ஏர்த் அளந்து எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே அளக்கத் தெரிந்தவரா என்று விளங்கிவிடும். மழைக்கு ரிப் விழுகிறது என்றால் எங்கோ ஈரம் போகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் படலையடி லைற், இல்லாவிட்டால் கிணற்றடி மோட்டர். அந்த இடத்தைத் தேடுவதுதான் வேலை, சுவிச்சைத் தாண்டி வயர் கொடுப்பதல்ல.

உங்கள் வீட்டு வயரின் வயதையும் அப்பாவிடம் கேளுங்கள். 1990க்குப் பிறகு குடாநாட்டில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை, ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த காலம் அது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே வெறுமையாகித் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவுமில்லை, வயருமில்லை. பிறகு கரண்ட் வந்த சந்தோசத்தில் கிடைத்த வயரை இழுத்துக் கொண்டார்கள். இரண்டு பல்பும் ஒரு காற்றாடியும் போட இழுத்த வயரில் இன்றைக்குப் பிரிட்ஜ், மோட்டர், மைக்ரோவேவ், நீங்கள் வந்ததும் பிள்ளைகளின் அறைக்கு ஏசி. பிளக் பொயின்ற் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடா என்று பாருங்கள். இரண்டு முள் பிளக்கைச் சதுர ஓட்டைப் பொயின்றில் போட மேல் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தி வைக்கிற பழக்கம் நம் நாட்டு வியாதி. மூன்று வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால் தானும் குத்திப் பார்க்கும், பேனை மூடியால் குத்தும் என்று உத்தரவாதம் இல்லை, ஆணியாகவும் இருக்கலாம்.

அடுத்தது அம்மா அப்பாவுக்கு. இங்கே நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு காட்சி. மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி அறையோடு சேர்த்து குளியலறை கட்டியிருப்பார், கொமட், சுவரெல்லாம் மாபிள், நிலமும் கண்ணாடி மாதிரி மினுங்கும். ஐயாவும் அம்மாவும் அதைப் பூட்டி, சுத்தமாக வைத்து, வருகிற விருந்தாளிக்குக் காட்டிவிட்டு, தாங்கள் இரவு இரண்டு மணிக்கு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கோடிப்புறக் கக்கூசுக்கு நடப்பார்கள். ஏன் என்று கேட்டால் "அது வழுக்குது தம்பி" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் கோடிக்குப் போகும் வழியில் இரண்டு படி, பாசி பிடித்த சீமெந்து, வழியில் விழுந்த ஓலை, மாரியில் பாம்பு. ஆகவே வீட்டைப் பார்க்கிறேன் என்று அறை அறையாகப் போகாதீர்கள். ஒரு நாள் முழுக்க அம்மாவின் பின்னால் நடவுங்கள். விடிய எழும்பி எங்கே கால் வைக்கிறா, எந்தச் சுவரைப் பிடிக்கிறா, எந்த வாளியைத் தூக்குகிறா, சாமான் எடுக்க எந்தக் கதிரையில் ஏறுகிறா. சுவரில் ஒரே இடத்தில் கை பட்டுப் பட்டு எண்ணெய் கறுத்திருக்கும் பாருங்கள், கைப்பிடி வேண்டிய இடம் அதுதான். கைப்பிடியை நல்ல திருகாணி போட்டுச் சுவரில் இறுக்க வேண்டும், துவாய் போடும் கம்பி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. மினுங்கும் நிலத்துக்குச் சொரசொரப்பான பட்டி ஒட்டலாம், இல்லையேல் மாபிளை மாற்றலாம், செலவானாலும் பெறுமதியான செலவு. கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை இரவில் அணையாத சின்ன லைற் ஒன்று. உள்பக்கத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றுங்கள், விழுந்து கிடக்கிற ஆளைக் கதவு உடைத்து எடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் என்றால் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பும்போது தலை சுற்றலாம். கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதில்லை. அந்த இங்கிலாந்துப் புள்ளிக் கணக்கைக் கொண்டு வந்து உங்கள் வீட்டில் போட்டால் முதலாவதாக நிற்பது இந்தக் குளியலறையாகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

கிணறு. பிள்ளைகளுக்கு என்று பார்த்தால் இதுதான் முதலாவது, கரண்டுக்கும் முன்னால். லண்டன் பிள்ளைக்குக் கிணறு ஒரு புதினம், எட்டிப் பார்க்காமல் இருக்காது. கட்டு மூன்று வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்க வேண்டும், அதோடு பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய உடுப்புத் தோய்க்கும் கல், கவிழ்த்த வாளி, மோட்டர்ப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. கட்டு உயரமாக இருந்தும் கல்லில் ஏறித்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். இரும்புச் சட்டத்தில் வலை அடித்த மூடி ஒன்று செய்து பூட்டுப் போடுங்கள், ஊரில் இரும்பு ஒட்டுகிற (வெல்டிங்) எந்தக் கடையிலும் செய்வார்கள். வலை நெருக்கமாக இருந்தால் இன்னொரு பலனும் உண்டு. 2016 முடிவில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டு, பின்பு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்ட ஒரு வகை மலேரியா நுளம்பு கிணற்றுத் தண்ணீரிலேயே பெருகக்கூடியது. நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில்தான் சான்று தந்தது, அதே வருட முடிவில் இது வந்து சேர்ந்தது. கிணற்றில் மீன் விடச் சொல்லி நாங்கள் வீடு வீடாகத் திரிந்தது அதனால்தான்.

தண்ணீரைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், எல்லாருக்கும் ஒரே குழப்பம்தான். நமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் ஓடுகிறது, மணலில் போல வடிந்து சுத்தமாவதற்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்று வழக்கமாகச் சொல்வோம். இரண்டு பரப்புக் காணியில் உங்கள் குழியிலிருந்து அளந்து வைத்தாலும், பக்கத்து வீட்டுக்காரரின் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருக்கும். 50 அடி இருந்தாலும் கல் வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று மேலே நின்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே கிருமிக்கு என்று பார்த்தால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நைத்திரேற்று வேறு கதை. உரத்தாலும் மாட்டெருவாலும் குழிகளாலும் வருவது, கொதித்தால் போகாது, தண்ணீர் வற்றி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. அதனால் உடனடி ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் குழந்தைகளுக்கு. உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே மூன்று கிழமைக்கு அதை நினைத்துப் பதற வேண்டாம். சுன்னாகத்து மின்நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது, அதனால் இன்றும் பலருக்குக் கிணற்றுத் தண்ணீரில் பயம். வாசனையோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் குடிக்காதீர்கள், ஆனால் வாசனை இல்லை என்பதை வைத்து நல்ல தண்ணீர் என்றும் முடிவெடுக்க முடியாது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கோடையில் ஒரு தடவை, மாரிக்குப் பிறகு ஒரு தடவை சோதித்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

கிணற்றை விட்டுப் போகுமுன் ஒன்று. நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பா கிணறு இறைக்க ஆள் பிடிப்பார். மண்ணெண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விட்டுவிட்டு உள்ளே இறங்க யாரையும் விடாதீர்கள். அதன் புகைக்கு மணமிருந்தாலும் அதில் கொல்கிற காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. விளக்கை இறக்கிப் பார்த்து அணையவில்லை, இறங்கலாம் என்பார்கள். விளக்குப் பிராணவாயு குறைவதைக் காட்டும், இந்த நஞ்சைக் காட்டாது. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார்.

குசினியில் காஸ். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த பிறகு ஆட்கள் சிலிண்டரைப் பாம்பு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள், சிலர் திரும்ப விறகுக்கே போனார்கள். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் நிலத்தோடு தங்கும், ஆகவே மேலே இருக்கிற யன்னலைத் திறந்து வைத்தது மட்டும் போதாது, கீழே கதவும் திறக்க வேண்டும். மணம் வந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். குழாயும் மூட்டுகளும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கக்கூடியவை, குமிழி வந்தால் கசிவு. குழாய் வெடித்து விறைத்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், விலை பெரிதில்லை. இதைவிட எனக்குப் பயம் சோடாப் போத்தல். மண்ணெண்ணெய், தோட்டத்து மருந்து, கக்கூஸ் கழுவுகிற திராவகம், எல்லாம் சோடாப் போத்தலில்தான் எங்கள் வீடுகளில் இருக்கும், அதுவும் குசினி மூலையில், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். வந்த அன்றைக்கே அந்த மூலையைக் காலி செய்யுங்கள். தப்பித் தவறிப் பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரி, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் சுருக்கமாக. 1974 வீடு என்றால் அநேகமாகப் பனைமரக் கைமரமும் சிலாகையும். வைரம் பாய்ந்த பனை எங்களைவிட அதிக காலம் இருக்கும், சோற்றி, அதாவது மரத்தின் நடுவிலுள்ள மென்மையான பகுதி, உள்ளதை வைத்திருந்தால் கறையான் உள்ளே தின்றுவிட்டு வெளியே தோலை மட்டும் விட்டு வைக்கும். சுவரில் ஏறி வருகிற மண் கோட்டைப் பாருங்கள், சுவருக்குள் செருகிய முனையில் ஒரு கூரான ஆணியால் குத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி இறங்கினால் தச்சரைக் கூப்பிடுங்கள். யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் கொங்கிறீற்றுத் தட்டைத் தடியால் தட்டினால் பொள்ளென்ற சத்தம் கேட்டாலோ, கீழ்ப்பக்கம் துருக்கறையோடு நீளக் கோடாக வெடித்திருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது, உப்பு மணலில் கலந்த பழைய கொங்கிறீற்றுக்கு இது வழமை. அதன் கீழே கட்டில் போடாதீர்கள், பிள்ளையை விளையாட விடாதீர்கள். சுவர் வெடிப்பு ஆபத்தானதா என்பதை ஒரு நாளில் பார்த்துச் சொல்ல முடியாது. பென்சிலால் வெடிப்பின் முனையில் கோடு கீறி, திகதி எழுதி, அப்பாவை மாரி முடியப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் பொறியியலாளரிடம் காட்டுங்கள்.

இதுவரை சொன்னது நீங்கள் காணப்போகிற கோடை வீடு. கார்த்திகை மார்கழியில் அதே வீடு வேறு வீடு. வளவில் தண்ணீர் நிற்கும், கிணறு மேலே வரும், குழி நிரம்பும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை பத்து நாள் போதும், காய்ந்த முட்டையோ மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் இப்போது காய்ந்து கிடக்கிற சிரட்டை, ரயர், பீலி, பாவிக்காத மலகூடத்தின் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கோடையிலேயே அகற்றுவதுதான் கெட்டித்தனம். ஆம், விருந்தாளிக்காகப் பூட்டி வைத்த அந்த மாபிள் குளியலறையின் கொமட்டும்தான், நான் பிடித்த குடம்பிகளில் பாதி அங்கேதான் இருந்திருக்கும். 2024 டிசம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சலும் உயிர்களைக் கொண்டுபோனது. கால் காயத்தோடு வெள்ளத்துக்குள் இறங்கிவிட்டுக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் போய்க் காட்ட வேண்டும் என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். அப்புறம் பாம்பு. எண்ணெய் விரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது, பல தடவை கடித்ததே தெரியாது, விடிய வயிற்று வலி என்று எழும்புவார்கள், பிறகு கண் இமை விழும். பிள்ளைகளை நிலத்தில் பாய் போட்டுப் படுக்க விடாதீர்கள், நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகி விடுங்கள், ஒரே வலை இரண்டு வேலை செய்யும்.

யாரைக் கூப்பிடுவது என்றால், ஒரே ஆள் எல்லாம் பார்க்க மாட்டார். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பரிசோதகரைக் கேட்டால் கிணறு, குழி, நுளம்பு காசில்லாமல் பார்ப்பார். கரண்டுக்கு அளக்கத் தெரிந்த ஆள். மிச்சத்துக்கு நீங்களும் உங்கள் கண்ணும்தான்.

அப்பாவிடம் "வீட்டைச் செக் பண்ண வந்தனான்" என்று மட்டும் தொடங்காதீர்கள், பிள்ளை. தன் கையால் கட்டிய வீட்டில் குறை பிடிக்க லண்டனிலிருந்து வந்திருக்கிறாள் என்று அவர் ரிப் சுவிச் பெட்டியையே திறக்க விடமாட்டார். பேரப்பிள்ளைகள் வருகினம், கிணற்றுக்கு ஒரு மூடி அடிப்பிக்க வேணும், நல்ல ஒட்டுக்காரர் யார் என்று இப்போதே போனில் கேளுங்கள். அவர் நாளைக்கே அளவெடுக்கத் தொடங்கிவிடுவார், மூடி வருகிற அன்றைக்கு மோட்டர் வயரையும் தானே பார்க்கச் சொல்லுவார்.